வேலூர் டிக்கெட் வாங்கி காட்பாடியில் இறங்குகிறவருக்கு

கேள்வி: எனக்கு 23 வயது. ஊர் குடியாத்தம். பி.காம். முடித்துவிட்டு காட்பாடியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். நாலு வயதில் இருந்தே திக்கல். என் பெயர் ‘க’வில் ஆரம்பிக்கிறது. ஊரும் ‘க’ வரிசை, வேலை செய்கிற இடமும் ‘க’ வரிசை. மூன்றுமே வாயில் வராது. பஸ்ஸில் கண்டக்டர் ‘எங்க?’ என்றதும் தொண்டை பூட்டிக்கொள்ளும். ‘வே’ எனக்குச் சுலபமாக வரும் என்பதால் வேலூர் டிக்கெட் வாங்கி, காட்பாடியிலேயே இறங்கிவிடுகிறேன். ஆபீஸில் போன் அடித்தால் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவேன். ராணிப்பேட்டையில் ஒரு இன்டர்வியூவில் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் நின்றேன். அவர்களே பயோடேட்டாவைப் பார்த்துப் படித்துக்கொண்டார்கள். ‘இன்னாடா மென்னு முழுங்கற, பட்டுனு சொல்லு’ என்பார் பாட்டி. சித்தப்பாவுக்கும் திக்கும். வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுவதால் வந்தது என்கிறார் ஒரு சொந்தக்காரர். நாக்குக்கு அடியில் அறுத்துவிட்டால் சரியாகும் என்கிறார் இன்னொருவர். மாத்திரை ஏதாவது உண்டா? இந்த வயதுக்கு மேல் சரியாகுமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். சின்ன வயதில் திக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது தானாகவே போய்விடுகிறது. போகாமல் வயது வந்த பிறகும் தங்கிவிடுவது மொத்த மக்களில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு; அதிலும் ஆண்களே அதிகம். 23 வயதில் அது சுத்தமாக மறைந்துவிடும் என்று யாராவது உத்தரவாதம் தந்தால் அவரிடம் பணம் கட்டாதீர்கள். ஆனால் எத்தனை தடவை பூட்டுகிறது, எவ்வளவு இறுக்கமாகப் பூட்டுகிறது, அதற்குப் பயந்து நீங்கள் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்ற மூன்றையும் இந்த வயதில் நன்றாகவே மாற்ற முடியும். மூன்றாவதில் இருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது திக்கலைவிட அந்த வேலூர் டிக்கெட்தான் எனக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரிந்தது.

அதற்கு முன் வீட்டுப் பேச்சுகளை முடித்துவிடுவோம். இரண்டு மொழி பேசுவதால் திக்கல் வராது. அப்படி வருமென்றால் தெலுங்கும் உருதும் தமிழும் கலந்து புழங்கும் வேலூர், குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்தில் பாதிப்பேர் திக்க வேண்டும். சித்தப்பாவுக்கும் இருப்பதுதான் உண்மையான துப்பு. திக்கல் குடும்பத்தில் ஓடும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2010-இல் பாகிஸ்தானியக் குடும்பங்களை வைத்து, திக்கலோடு சேர்ந்து வரும் சில மரபணு மாற்றங்களையே அடையாளம் காட்டினார்கள். பேச்சுக்கான தசைகளை எந்த நொடியில் எந்த வரிசையில் இயக்குவது என்று மூளை போடும் ஒருங்கிணைப்பில் சிறு வேறுபாடு, அடிப்படை அவ்வளவுதான். பயம் திக்கலை உண்டாக்குவதில்லை. இருக்கிற திக்கலை இறுக்கும்.

நாக்கை அறுப்பது பழைய பைத்தியக்காரத்தனம். பெர்லினில் டீஃபன்பாக் என்ற பேர்பெற்ற அறுவை மருத்துவர் 1841-இல் திக்கலுக்காக நாக்கின் வேர்ப்பகுதியிலேயே கத்தி வைத்தார். பலன் இல்லை என்று தெரிந்து அந்த முறை சீக்கிரமே கைவிடப்பட்டது. உங்கள் நாக்கு சரியாகத்தான் இருக்கிறது என்பதற்கு வீட்டிலேயே சோதனை உண்டு: நண்பர் ஒருவரை உட்காரவைத்து, செய்தித்தாளின் ஒரு பத்தியை இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாய்விட்டுப் படியுங்கள். அநேகமாக ‘க’ வரிசை முழுக்கத் தடங்காமல் வரும். பாட்டுப் பாடும்போதும் வரும். நாக்கில் கோளாறு இருந்தால் அப்போதும் தடங்கியிருக்கும் அல்லவா? வசம்பு உரசி நாக்கில் தேய்ப்பது, கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசுவது இரண்டும் வேண்டாம். கல் தொண்டைக்குள் போனால் விபரீதம். பாட்டி முடிகாணிக்கை ஏதாவது வேண்டிக்கொண்டிருந்தால் தாராளமாகச் செலுத்துங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை.

மாத்திரை: திக்கலுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்த மருந்து ஒன்றுகூட இல்லை. படபடப்பைக் குறைக்கும் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கை நடுக்கம் குறையும், பூட்டு அப்படியே இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த வகை மாத்திரைகளில் சில ஆபத்தானவை. ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள்: சின்ன வயதில் இல்லாத திக்கல் பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று வந்தால், அதுவும் தலையில் அடிபட்ட பிறகோ புது மருந்து தொடங்கிய பிறகோ வந்தால், நரம்பியல் மருத்துவரிடம் உடனே போக வேண்டும். உங்களுடையது அந்த வகை இல்லை.

இனி வாய்க்குள் நடப்பதைப் பார்ப்போம். ‘வே’ சொல்லும்போது கீழுதடு மேல்பல்லை லேசாகத் தொடுகிறது. காற்றும் குரலும் நிற்காமல் ஓடுகின்றன. ‘கா’வுக்கு நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தில் ஒட்டி, காற்றை ஒரு கணம் முழுசாக அடைத்துவிட்டு விட வேண்டும். மற்றவர்களுக்குக் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான வேலை அது. உங்களுக்கு அந்தக் கணத்தில் ‘மாட்டிக்கொள்ளப் போகிறோம்’ என்ற நினைப்பு வந்து, நாக்கை இன்னும் அழுத்துகிறீர்கள். அழுத்த அழுத்தக் கீழே குரல்நாண்களும் இறுகுகின்றன. பூட்டிய கதவைத் தோளால் முட்டுகிற மாதிரி. கண்ணை இறுக மூடுவது, தொடையில் தட்டுவது, தலையை வெட்டுவது எல்லாம் அந்த முட்டலின் மிச்சம். என்றோ ஒருநாள் தற்செயலாக உதவியது, பிறகு பழக்கமாக ஒட்டிக்கொண்டது. ‘பட்டுனு சொல்லு’ என்ற பாட்டியின் யோசனையும், ‘மூச்சை நல்லா இழுத்துக்கிட்டுப் பேசு’ என்று ஊரெல்லாம் சொல்லும் யோசனையும் இந்த இடத்தில்தான் கெடுக்கின்றன. நெஞ்சு நிறைய இழுத்த மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டால் தொண்டை அதற்காகவே மூடிக்கொள்ளும். சாதாரண மூச்சு போதும். அது வெளியே போகத் தொடங்கும்போதே குரலும் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது டிக்கெட் விஷயம். ‘காட்பாடி’ வர வேண்டிய இடத்தில் ‘வேலூர்’ என்று சொல்லித் தப்பும்போது அந்த நிமிடம் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் விஷம். ‘காட்பாடி சொல்லவே முடியாத சொல், தப்பியதால்தான் பிழைத்தோம்’ என்று மூளை அன்றைக்கு ஒரு பாடம் படித்துக்கொள்கிறது. மறுநாள் அந்தச் சொல்லின் மேல் பயம் கொஞ்சம் கூடுகிறது. இப்படி வருடக்கணக்கில் தப்பித்துப் பழகியவர்களை வெளியே பார்த்தால் திக்குவதே தெரியாது. பாலாறு மாதிரி மேலே வெறும் மணல், தோண்டினால்தான் கீழே ஓடுவது தெரியும். அப்படிப்பட்டவர்கள் பேசும் ஒவ்வொரு வாக்கியத்திலும் முன்னாலேயே சொல் பொறுக்கிக் களைத்துப் போகிறார்கள். பெயரை ஏன் யாராலும் ஏமாற்ற முடிவதில்லை என்றால் அதற்கு மாற்றுச் சொல்லே கிடையாது. கேட்டதும் உடனே வர வேண்டும் என்றும் எதிராளி எதிர்பார்க்கிறார். அதனால்தான் திக்குகிறவர்களில் நிறையப் பேருக்குச் சொந்தப் பெயரே மிகக் கடினமான சொல்.

முதல் வாரம் எதையும் மாற்ற முயலாதீர்கள், அளந்து மட்டும் பாருங்கள். செல்போனில் வீடியோ எடுங்கள்: இரண்டு நிமிடம் படிப்பது, மூன்று நிமிடம் வீட்டில் யாரோடாவது பேசுவது, ஒரு போன் பேச்சு. பிறகு ஓடவிட்டு எழுதி, 300 அசைகள் எண்ணுங்கள். தமிழில் இது சுலபம். புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணினால் அசைக் கணக்கு வந்துவிடும். ‘நான் காட்பாடிக்குப் போறேன்’ என்பதில் நா, கா, பா, டி, கு, போ, றே என்று ஏழு. ‘கா-கா-கா-காட்பாடி’ என்று வந்தால் மூன்று அசை, அதில் ஒன்று திக்கியது. எத்தனை முறை திரும்ப வந்தாலும் ஒன்றுதான். 300-க்கு 18 திக்கியிருந்தால் 6 சதவீதம். இந்தச் சதவீதத்தோடு, மிக நீளமான மூன்று பூட்டுகள் எத்தனை நொடி என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: அளப்பதற்கு ஒவ்வொரு முறையும் புதுப் பத்தி எடுக்க வேண்டும். ஒரே பத்தியை ஐந்து தடவை படித்தால் ஐந்தாவது தடவை திக்கல் தானாகவே குறைந்திருக்கும். அதை முன்னேற்றம் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம்.

அளவில் இன்னொரு கணக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ் டிக்கெட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேருங்கள். மாதக் கடைசியில் வேலூர் எத்தனை, காட்பாடி எத்தனை என்று பிரித்தால், சதவீதத்தைவிட அது உங்கள் நிலைமையைத் தெளிவாகச் சொல்லும்.

இரண்டாவது வாரம் வேண்டுமென்றே பூட்டுங்கள். கண்ணாடி முன் உட்கார்ந்து ‘காட்பாடி’யின் ‘கா’வில் நாக்கை நிஜமாகப் பூட்டுவதுபோலவே அழுத்திப் பிடித்து மூன்று நொடி நிறுத்துங்கள். எங்கே இறுகுகிறது? நாக்கின் பின்பக்கமா, தொண்டையா, தாடையா, வயிறா? பிறகு அந்த இறுக்கத்தைப் பாதியாக்குங்கள், அதே நிலையில் இருங்கள். இன்னும் பாதியாக்குங்கள். கால்வாசிக்கு வரும்போது ‘கா’ தானாக நழுவி வெளியே வருவதைப் பார்ப்பீர்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பத்து நிமிடம். இதைச் செய்யாமல் நேரே ‘நிதானமாகப் பேசும் பயிற்சி’க்குத் தாவுகிறவர்கள்தான் மூன்றாம் மாதம் ‘வீட்டுல வருது, வெளியில வரலை’ என்று வந்து நிற்கிறார்கள். எங்கே இறுகுகிறது என்று தெரியாதவரால் எதைத் தளர்த்த முடியும்?

அடுத்து வருவது, தானும் திக்கியவரான சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்த வரிசை. வரிசை முக்கியம், தலைகீழாகப் பழகினால் பலிக்காது. முதலில், திக்கிய பிறகு திருத்துவது. ‘கா-க்-காட்பாடி’ என்று எப்படியோ முட்டி முடித்துவிட்டீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். மூன்று நொடி மௌனம். அந்த மூன்று நொடியில் வாயைத் தளர்த்தி, அதே சொல்லை மெல்ல, இழுத்து, லேசான தொடலோடு இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் பிறகுதான் அடுத்த சொல். இதில் நடக்கும் தப்பு, இரண்டாம் தரம் ‘சரளமாக’ச் சொல்லிக் காட்டுவது. வேண்டியது சரளம் இல்லை. அதே திக்கலின் தளர்ந்த வடிவம். மூன்று நொடி ரொம்ப நீளமாகத் தோன்றும், எதிரில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று உடம்பு கூசும். அந்தக் கூச்சத்தைத் தாங்கப் பழகுவதும் பயிற்சியில் சேர்த்திதான். இரண்டு மூன்று வாரம் இதற்கே ஆகட்டும். அதற்குப் பிறகு, பூட்டின் நடுவிலேயே அதைப் பிடித்து, முட்டாமல், இறுக்கத்தைக் குறைத்து நழுவி வெளியே வருவது. அதுவும் கைவந்த பிறகே, வரப்போகும் பூட்டை முன்கூட்டி உணர்ந்து சொல்லின் தலையிலேயே மென்மையாகத் தொடங்குவது.

அந்த மென்மையை நம் மொழியே கற்றுக்கொடுக்கும். ‘அகம்’, ‘நகம்’, ‘முகம்’ என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் இருக்கும் ‘க’வில் நாக்கு பட்டும் படாமலும் உரசிப் போகிறது, காற்று நிற்பதே இல்லை. ‘பக்கம்’, ‘அக்கா’ சொன்னால் நாக்கு கெட்டியாக ஒட்டுகிறது. உங்கள் வாய் ‘காட்பாடி’யின் தலையில் ‘அக்கா’வின் அழுத்தத்தைப் போடுகிறது, அங்கே ‘முகம்’ என்பதன் தொடலைக் கொண்டு வைக்க வேண்டும். ‘முகம், முகம், காட்பாடி’ என்று மாற்றி மாற்றி ஐம்பது தடவை. முதலில் கொஞ்சம் குழைவாக, மழலை மாதிரிக் கேட்கும்; இரண்டு வாரத்தில் மற்றவர் காதுக்கு வித்தியாசம் தெரியாது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லில் பூட்டினால், அங்கே இறுகுவது குரல்நாண். ‘ஆம்பூர்’ சொல்லும்முன் கண்ணாடியில் ஆவி படிய ஊதுகிற மாதிரிச் சிறு மூச்சை விட்டு, அதன் மேல் ‘ஆ’வை ஏற்றுங்கள்.

சொற்களை ஒட்டிப் பேசுவதும் உதவும். ‘என் பேரு’ என்பதை நாம் இயல்பாகவே ‘எம்பேரு’ என்றுதான் சொல்கிறோம். ‘ம்’மின் ஓசை நிற்காமல் ஓடி ‘ப’வைக் கரைத்துவிடுகிறது. ‘ஒரு காட்பாடி’ என்று கேட்கும்போதும் ‘ரு’வில் இருக்கும் குரலை அணைக்காமல் அப்படியே ‘கா’வுக்குள் கொண்டுபோங்கள். ஆனால் இதை ஊன்றுகோல் ஆக்கிவிடக் கூடாது. ‘வந்து’, ‘அதாவது’, ‘இல்லீங்க’ என்று முன்னால் ஒரு சொல்லை வைத்து அதிலிருந்து ஓடிவந்து குதிக்கிறவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் அந்தச் சொல்லுக்குச் சக்தி போய், ‘வந்து வந்து வந்து’ என்று அதுவே திக்கலாகிவிடும். வித்தியாசம் இதுதான்: ‘ஒரு’வை ஒரே தடவை சொல்லிவிட்டு ‘கா’வில் திக்கினால், திக்கிக்கொண்டே சொல்லி முடிக்கத் தயாராக இருக்கிறீர்களா? இருந்தால் அது பயிற்சி. ‘ஒரு... ஒரு...’ என்று திரும்பிப் போய்ப் போய் வந்தால் ஓட்டம்.

இப்போது மிகவும் சங்கடமான, ஆனால் என் கணிப்பில் உங்களுக்கு மிக அதிகம் பலன் தரப்போகிற வேலை. வேண்டுமென்றே திக்குவது. இறுக்கம் துளியும் இல்லாமல், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ‘வே-வே-வேலூர்’ என்று. ஆம், உங்களுக்குச் சுலபமாக வரும் சொல்லிலேயே தொடங்க வேண்டும். பயப்படும் சொல்லில் தொடங்கினால் நடிப்பு நிஜமாகிக் கையை மீறும். ஒரு நாளைக்குப் பத்து. முதல் மூன்று நாள் அறைக்குள் தனியாக, பிறகு அம்மாவிடம், பிறகு நண்பரிடம். அதன்பின் உங்களை யாரென்று தெரியாத இடம்: வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்று மூன்று பேரிடம் ‘டவுன் பஸ் எ-எ-எங்க நிக்கும்?’ நேதாஜி மார்க்கெட்டில் நாலு கடையில் ‘த-த-தக்காளி என்ன விலை?’ வாங்க வேண்டியதில்லை. கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று வந்து நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலான பக்கங்களில் ‘விலை சொன்னார்’ என்றுதான் இருக்கும். ஒருவேளை யாராவது சிரித்தால் அதையும் எழுதுங்கள். சிரித்த பிறகு நீங்கள் கேள்வியை முடித்தீர்களா என்பதையும்.

பஸ்ஸுக்கு அதன் பிறகே வாருங்கள், கூட்டம் குறைந்த பஸ்ஸாகப் பார்த்து. முதல் வாரம் ‘கா-கா-காட்பாடி’ என்று நீங்களாகவே, தளர்வாக, திக்கிச் சொல்லி டிக்கெட் வாங்க வேண்டும். சில்லறையைச் சரியாக எண்ணி நீட்டிவிட்டு வாயைத் திறக்காமல் இருக்கும் உபாயம் இன்றோடு நிறுத்தம். கண்டக்டர் ‘காட்பாடியா?’ என்று முந்திக்கொண்டு முடித்துக் கொடுத்தால் தலையாட்டாதீர்கள். ‘ஆமா, காட்பாடி’ என்று சொல்லை நீங்கள் முடியுங்கள். நிஜமாகவே பூட்டிக்கொண்டால்? அந்தச் சொல்லை விட்டு ஓடாமல், இறுக்கத்தை இறக்கி, எத்தனை நொடி ஆனாலும் அதே சொல்லோடு வெளியே வாருங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுக்கலாம். லத்தேரி வருவதற்குள் அவர் மறந்துவிடுவார். பயம் பாதியாகக் குறையும்வரை ஒரே படியில் நில்லுங்கள். ஒரு தடவை வென்றுவிட்டு அடுத்த படிக்கு ஓடினால் நிலைக்காது.

போன் தனி ரகம். நேரில் என்றால் எதிராளி உங்கள் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். போனில் இரண்டு நொடி மௌனம் வந்தாலே ‘ஹலோ, ஹலோ’ என்பார், அந்த ‘ஹலோ’ உங்களை இன்னும் இறுக்கும். அதனால் தொடக்கத்திலேயே ‘லைன் கட் ஆகலைங்க, எனக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும்’ என்று சொல்லிவிடுங்கள். தினம் மாலை ஐந்து போன்: கடை எத்தனை மணிக்குத் திறக்கும், இந்தப் பொருள் இருக்கிறதா, சர்வீஸுக்கு எவ்வளவு நாள் ஆகும். கேட்க வேண்டியதை வாக்கியமாக எழுதி வைத்துப் படிக்காதீர்கள், குறிப்பாக இரண்டு சொல் மட்டும். எழுதிய வாக்கியத்தில் அடுத்து எந்தச் சொல்லில் மாட்டுவோம் என்பது கண்ணுக்குத் தெரிவதால் பயம் முன்னாலேயே ஓடிவரும். ஆபீஸ் போனை இரண்டாம் மாதம் எடுக்க ஆரம்பிக்கலாம். முதலில் ஒரு நாளைக்கு ஒன்று, அதையும் கூட வேலை செய்பவர்களிடம் சொல்லிவிட்டு.

இன்டர்வியூவில் நடந்ததும் இதே சங்கதிதான். ஆங்கிலத்தில் ‘செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன்’ என்று மனப்பாடம் செய்து போவது திக்குகிறவருக்குக் கண்ணிவெடி; சொல்லை மாற்ற வழியில்லாத பத்து வாக்கியம், முதல் சொல்லே பெயர். நான்கு குறிப்புகள் போதும்: படிப்பு, இப்போதைய வேலை, தெரிந்த மென்பொருள், ஏன் இந்த வேலை. உட்கார்ந்ததும், பெயர் கேட்கும் முன்பே, ஒரு வரி: ‘சார், எனக்குப் பேச்சு திக்கும். கொஞ்சம் நேரம் எடுத்தாலும் முழுசா சொல்லிடுவேன்.’ மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம், ‘சாரி’ வேண்டாம். இந்த வரியைச் சொன்ன பிறகு மறைக்க ஒன்றும் மிச்சம் இல்லாததால், பலருக்குப் பெயரே முன்னைவிட லேசாக வருகிறது. அப்படி வராவிட்டாலும் எதிரில் இருப்பவர் குழம்பமாட்டார், பயோடேட்டாவை எடுத்துப் படிக்கவும் மாட்டார். பெயருக்கென்று தனியாகவும் பழகுங்கள்: தினம் ஐம்பது தடவை, அதில் பாதி வேண்டுமென்றே திக்கி, நின்றுகொண்டு, கண்ணாடியில் கண்ணைப் பார்த்து.

வீட்டாருக்கு மூன்றே விஷயம். நீங்கள் ஆரம்பித்த சொல்லை அவர்கள் முடித்துத் தரக் கூடாது. ‘மெதுவா, மெதுவா’ என்று சொல்லக் கூடாது. திக்கும்போது பார்வையை வேறு பக்கம் திருப்பக் கூடாது. பாட்டியிடம் சண்டை போட வேண்டாம். ‘நீ காத்துனு இரு ஆயா, நானே சொல்லி முடிக்கிறேன்’ என்றால் போதும்.

செயலிகள் பற்றியும் கேட்பீர்கள். நம் குரலைச் சற்றுத் தாமதமாக நம் காதிலேயே திருப்பிப் போடும் செயலிகள் போனில் இருக்கின்றன. சிலருக்கு, முக்கியமாகப் படிக்கும்போது, உடனே திக்கல் குறையும். நிறையப் பேருக்கு அந்த விளைவு நாளடைவில் தேய்ந்துவிடும். முயல்வதானால் 50 முதல் 100 மில்லிநொடி தாமதத்தில் தொடங்குங்கள், வயர் உள்ள இயர்போனில் மட்டும். ப்ளூடூத் தானே ஒரு தாமதத்தைச் சேர்ப்பதால் கணக்கு கெட்டுப்போகும்.

கெட்ட வாரங்கள் வரும். தூக்கம் கெட்ட நாள், காய்ச்சல், ஆபீஸில் கணக்கு முடிக்கும் நெருக்கடி, எல்லாம் திக்கலைக் கூட்டும். அந்த வாரம் புதுப் படி ஏறாமல், கண்ணாடிப் பயிற்சியையும் திக்கிய பிறகு திருத்துவதையும் மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகவே மனம் வராமல், தூக்கமில்லாமல், எதற்கு இருக்கிறோம் என்று தோன்றும் அளவுக்குப் போனால் அது திக்கல் பயிற்சியால் தீராது. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, திக்கிக்கொண்டே பேசலாம்.

இவ்வளவையும் தனியாகச் செய்யலாம், ஆனால் கூட ஒருவர் இருந்தால் நடுவில் விட்டுவிட மாட்டீர்கள். பேச்சு, கேட்டல் துறைப் பட்டங்களான பி.ஏ.எஸ்.எல்.பி. அல்லது எம்.ஏ.எஸ்.எல்.பி. படித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த ஸ்பீச் தெரபிஸ்ட்தான் இதற்கு ஆள். வேலூர் சி.எம்.சி.யில் காது மூக்கு தொண்டைத் துறையோடு பேச்சுப் பயிற்சிப் பகுதி இருக்கிறது. மைசூரில் மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் 1965-இல் இருந்து இயங்குகிறது. காட்பாடியில் இருந்து மைசூருக்கு நேரடி ரயில் உண்டு. வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம், மூன்று நான்கு மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சந்திப்புக்குப் பிறகு வீடியோ அழைப்பிலும் தொடர முடியுமா என்று கேளுங்கள், ஆடிட்டர் ஆபீஸில் வாராவாரம் லீவு கிடைக்காது. பத்து நாளில் குணம், நூறு சதவீத உத்தரவாதம், அறையில் மெட்ரோனோம் என்ற தாளக் கருவி தட்டத் தட்டப் பேசவைத்துக் கைதட்டல் வாங்கும் முகாம், இவற்றின் பக்கம் போக வேண்டாம். தாளத்துக்குப் பேசினால் அநேகமாக யாருக்கும் அந்த நேரத்தில் திக்காது, வாசலைத் தாண்டியதும் திரும்பி வரும்.

முதல் நாள் போகும்போது அந்த முதல் வார வீடியோவையும், 300 அசை எண்ணிய தாளையும், டிக்கெட் டப்பாவையும் கொண்டுபோங்கள். அமைதியான அறையில், பொறுமையாகக் கேட்கும் ஒருவர் முன்னால் திக்கல் பாதியாகக் குறைந்துவிடுவது வழக்கம். ‘உங்களுக்கு ஒன்றும் பெரிதாக இல்லையே’ என்று அவர் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது.